வாசரை யார் மாற்றுவது?

வணக்கம்ங்க ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சின்ன சபையில் கமிட்டிச் செயலராக இருக்கிறேன். இங்கிலாந்தில் ஒரு சபையோடு எங்களுக்குப் புதிதாகக் கூட்டுறவு ஏற்பட்டிருக்கிறது. ஜனவரியில் எட்டுப் பேர் வருகிறார்கள். எங்கள் காலனிக்கு ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். புரப்போசல் எப்படி எழுதுவது? பணத்தைக் கையோடு கொண்டுவந்து தரலாமா? அவர்களில் ஒருவரை ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் செய்யச் சொல்லலாமா? கடிதத்தில் எப்படி விளிப்பது? இன்னொன்றுங்க ஐயா. திருப்பிக் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பேரைச் சொல்லி எழுதுங்கள். விளிப்பதில் அதற்குமேல் ஒன்றும் இல்லை.

கையோடு பணம் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுக் குடிமகன் தருவது ரூபாய் நோட்டாகவே இருந்தாலும், காணிக்கைத் தட்டில் விழுந்தாலும், சட்டத்துக்கு அது வெளிநாட்டுப் பணம்தான். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கியவர் அதை வேறொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. பேராயம், அதாவது உங்கள் சபைகளுக்கு மேலே இருக்கும் திருமண்டலம், வாங்கி உங்கள் சங்கத்துக்கு அனுப்பிவைக்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது. பேராயமே வேலையை நடத்தி, போர்வண்டிக்காரர் பில்லுக்கு நேராகப் பணம் கட்ட வேண்டும். துபாயில் இருக்கும் உங்கள் சபைப் பையன் இந்திய பாஸ்போர்ட்டோடு தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டையோடு (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) வந்துபோகும் மாமா அனுப்பினால் உண்டு.

சுற்றுலா விசாவில் வருகிறவரைப் பிரசங்கம் செய்யச் சொல்லாதீர்கள். உங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆராதிக்கட்டும். யார் வீட்டில் தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் அதை அரசு இணையதளத்தில் பதிந்துவிடுங்கள்.

இனி போருக்கு வருவோம். ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அதில் ஒன்றாவது தண்ணீரைப் பற்றி இருக்கிறதா? அவர்கள் "போர்" என்றதும் தலையாட்டிவிட்டு, விளிப்புக்குக் கவலைப்படுகிறீர்கள். அந்தக் காலனிப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கூட்டுறவு என்று பேசுகிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. 1960-களின் வறட்சியில் கிராமங்களுக்கு அடிபம்புகள் போட்டார்கள். மேல்நாட்டில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் இறைத்த வார்ப்பிரும்புப் பம்பைப் பார்த்துச் செய்தவை அவை. இங்கே ஊரே வரிசையில் நின்று காலை முதல் இரவுவரை அடித்ததும் பிடியும் இணைப்பும் உடைந்தன. 1970-களின் நடுவில் கணக்கெடுத்தபோது பெரும்பாலானவை ஓடவில்லை. மாற்றுவழி தேடியவர்களில் மகாராஷ்டிராவின் மிஷன் ஆட்களும் உண்டு. ஜால்னாவில் ஸ்காட்லாந்து மிஷன், சோலாப்பூரில் ஒரு சுவீடன் பொறியாளர். உள்ளூர்ப் பட்டறையில் வைத்தே எஃகுப் பம்பு செய்தார்கள். அதிலிருந்து யூனிசெஃப் துணையோடு வந்ததுதான் இந்தியா மார்க் 2.

பம்பு தாக்குப்பிடித்தது, ஆனால் ரிப்பேர் ஓயவில்லை. மார்க் 2-இல் கீழே சிலிண்டரில் இருக்கும் தோல் வாசர் தேய்ந்தால், பத்தடி பைப்பாக மொத்தத்தையும் உருவ வேண்டும். 150 அடிக்குப் பதினைந்து பைப். வண்டியும் ஆட்களும் ஒன்றியத்திலிருந்து வரும்வரை ஊர் காத்துக்கிடக்கும். 1980-களில் இதற்கு விடை தேடிய சோதனை நடந்தது நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில். பைப்பை இரண்டரை அங்குலமாகப் பெரிதாக்கி, பைப்பை அசைக்காமல் ராடோடு பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கும்படி செய்தார்கள். தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாசர். அது மார்க் 3. ஊர்க்காரர் இரண்டு மூன்று பேரே வாசர் மாற்றிவிடலாம்.

உங்கள் காலனிக்கு அடிபம்பு உதவாமல் போகலாம். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழே இருந்தால் நீர்மட்டம் மேலேயே கிடக்கும். மேட்டில் இருந்தால் 800 அடி, 1,000 அடி என்று இறங்குவார்கள். நம் பாறையில் தண்ணீர் வெடிப்பில்தான் இருக்கிறது. ஆழம் போகப் போக வெடிப்பு குறையும், செலவுதான் கூடும். விருந்தாளிகள் ஜனவரியில் வருகிறார்கள். ஐப்பசி கார்த்திகை மழை ஊறியிருக்கும், வாய்க்கால் கசிவும் இருக்கும். திருச்செங்கோட்டு வண்டி ஒரு ராத்திரியில் போட்டுவிடும். கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், எட்டுப் பேரும் போட்டோ எடுப்பார்கள். காற்று தள்ளுவது ஊற்று ஆகாது. சித்திரை வைகாசியில் மோட்டாரைப் பல மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தினால் எத்தனை நேரத்தில் ஏறுகிறது என்று அளந்தால்தான் போரின் யோக்கியதை தெரியும். அதைப் பார்க்காமல் பெரிய மோட்டாரை இறக்கினால் தண்ணீர் இல்லாமல் ஓடி காயில் கருகும். தண்ணீர் இல்லாதபோது மோட்டாரைத் தானே நிறுத்தும் ரிலே ஸ்டார்ட்டர் பெட்டியில் இல்லையென்றால் முதல் கோடையிலேயே இது நடக்கும். ஃப்ளோரைடு சோதனையும் செய்யுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது குடிக்க ஆகாது. போர் பொய்த்தால் வாயில் சாக்கு கட்டிவிட்டு வராதீர்கள். அடியிலிருந்து தரைமட்டம்வரை மண்ணும் கல்லும் போட்டு மூட வேண்டும். 2010-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

எனக்குக் கோபம் வருவது இதற்கு அப்புறம்தான். மோட்டார் போனால் யார் காயில் கட்டுவது? கரண்ட் பில் யார் பேரில்? பஞ்சாயத்து எழுத்தில் ஏற்குமா? வீட்டுக்கு மாதம் எவ்வளவு, அதை யார் வசூலிப்பது, கணக்கு யார் கையில்? வசூலும் கணக்கும் குடம் தூக்குகிற பெண்களிடம் இருக்கட்டும், உங்கள் கமிட்டியிடம் வேண்டாம். சபைக்கு வராத வீட்டுக்கும் அதே தண்ணீர், அதே கட்டணம். இதெல்லாம் முடிவாகாமல் இங்கிலாந்துக்கு ஒரு வரி எழுதாதீர்கள். இரண்டு வருஷம் கழித்து, "மோட்டார் போய்விட்டது, உதவுங்கள்" என்று எழுதும் சபை கூட்டாளி ஆகாது.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்து எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, தம்பி. இது மொய் நோட்டு இல்லை, எழுதின தொகையைத் திருப்பிச் செய்ய. 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், பின்னாளில் பேராயரான வெள்ளாளன்விளை அசரியா நின்று கேட்டது நண்பர்களை. கோவைக்கும் ஈரோட்டுக்கும் ஆள் அனுப்பிய லண்டன் மிஷனின் வாரிசு அமைப்பே 1977-இல் கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்ற பிரிவை எடுத்துவிட்டு, எல்லாச் சபைகளும் சமமாக உட்காரும் கவுன்சிலாக மாறியது. உங்களிடம் கொடுக்க என்ன இல்லை? நம் நாட்டில் உருவான அடிபம்பு ஆப்பிரிக்கக் கிராமங்களில் தண்ணீர் இறைக்கிறது. அதன் அடுத்த வடிவம் உங்கள் பக்கத்து மாவட்டத்தில் பிறந்தது. வருகிறவர்களைக் கோயம்புத்தூர் பம்பு பட்டறை ஒன்றுக்குக் கூட்டிப்போய் அரை நாள் காட்டுங்கள். அவர்கள் சபை வேறு நாட்டிலும் கிணறுகளுக்குப் பணம் அனுப்பினால் அது பயன்படும்.

புரப்போசல் இரண்டு பக்கம் போதும். கோடையில் நீர்மட்டம் அளக்கவும் தண்ணீரைச் சோதிக்கவும் ஏற்பாடு, பேராயத்தின் சம்மதம், பஞ்சாயத்துக் கடிதம், வீடுகளின் எண்ணிக்கை, மாதக் கட்டணம், ரிப்பேருக்குத் தனிக் கணக்கு. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. போர் வேலையை மே மாதத்துக்குத் தள்ளிவைக்கிறோம் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். வரைவை அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.