மெல்பர்ன் விமானம் திருவனந்தபுரம் வந்த கதை

வணக்கம் அம்மா. “விமானக் கம்பெனியை நம்பிப் பெண்ணைப் படிக்க வைக்கலாமா?” என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். ஆனால் உங்கள் பெண் ஆசைப்படுவது பணிப்பெண் வேலைக்கு இல்லை. எந்த ஊருக்கு விமானம் விட்டால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போடும் வேலைக்கு. நெட்வொர்க் பிளானிங் என்பார்கள்.

அது எப்படிப்பட்ட கணக்கு என்று தெரிய இலங்கையைப் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் அங்கே ஒரு டாலர் சுமார் 200 ரூபாய். மே மாதம் 360. உள்ளூரில் ரூபாயில் டிக்கெட் விற்கும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ், விமான வாடகையை டாலரில் கட்ட வேண்டும். போதாததற்குக் கொழும்பில் விமான எரிபொருளுக்கே தட்டுப்பாடு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் இருப்பது கொழும்புக்குத் தென்கிழக்கே. அங்கே போகும் விமானமோ முதலில் வடமேற்கே திருவனந்தபுரம் வந்து எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பிறகு திரும்பிப் பறந்தது. கூடுதலாக ஒரு முறை இறங்கி ஏறினால் செலவு எவ்வளவு, யோசியுங்கள். அப்படியும் அந்தத் தடத்தை விடவில்லை. மெல்பர்னில் இலங்கைக்காரர்கள் நிறைய. அங்கே விற்கும் டிக்கெட்டுக்கு ஆஸ்திரேலிய டாலர் வருமே! நஷ்டம் என்று 2016-ல் பாரிஸையும் பிராங்க்பர்ட்டையும் கைவிட்டதும் இதே நிறுவனம்தான்.

அதனால் பொருளாதாரமோ புள்ளியியலோ மூன்று வருஷம் ஒழுங்காகப் படிக்கட்டும், எக்செல் கைவரட்டும். ‘ஏவியேஷன்’ என்று பெயர் போட்டு லட்சக்கணக்கில் வாங்கும் டிப்ளமோ இப்போது வேண்டாம். அப்படியே விசாரிக்கப் போனாலும், போன வருஷம் படித்தவர்கள் எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். யூனிபார்ம் போட்ட போட்டோவை மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, இண்டிகோ, ஏர் இந்தியா இரண்டுக்கும் தலைமையகம் குருகிராமில். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சரி, பணம் கட்டும் முன் ஒரு சோதனை. உங்கள் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் இருக்கிறது, லண்டனுக்கு இல்லை. ஏன் என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஓடுபாதையின் நீளம் ஒரு காரணம், அதோடு நிறுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்து தேடி எழுதினாளா, அரைப் பக்கத்தில் சலித்துப் போனாளா என்று பார்த்துவிட்டு எனக்கு போன் செய்யுங்கள்.