ஜூலையில் பைக் மீன் எங்கே போகிறது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "போன வருடம் மே கடைசியில், சிம்கோ ஏரியின் குக்ஸ் பே பக்கம் கரையோரப் பாசியில் நாலு நல்ல பைக் பிடித்தேன். ஜூலையில் அதே இடம், அதே ஸ்பூன் (பளபளக்கும் உலோகப் போலி இரை), ஆனால் குட்டிகள்தான் வந்தன. கோடையில் பைக்குக்குப் பல் விழுந்துவிடும், அதனால் தின்னாது என்கிறார் நண்பர். உண்மையா? வருடம் முழுக்கப் பிடிக்க என்ன செய்யவேண்டும்?"

பல் கதையை முதலில் விடுங்கள். பைக்கின் பற்கள் எல்லா மாதமும் ஒவ்வொன்றாக விழுந்து முளைத்துக்கொண்டேதான் இருக்கும், பொக்கை வாயோடு அது திரியும் காலம் என்று ஒன்று கிடையாது. உங்கள் மீன் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். பைக் குளிர்ந்த தண்ணீரை விரும்பும், உடம்பு பெருக்கப் பெருக்க இன்னும் குளிர்ச்சியைத் தேடும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது குட்டிகள் கரையோரப் பாசியிலேயே சமாளித்துக்கொள்ளும், பெரிய பெண் மீன்கள் தாங்காமல் ஆழம் பார்த்து நகர்ந்துவிடும். அதனால் இன்னொரு ஸ்பூன் வாங்குவதற்கு முன்னால் தண்ணீரில் விட்டுப் பார்க்கிற ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

கோடையில் விடியற்காலையில் போய், பாசிப்படுகை முடிந்து தரை சரிகிற விளிம்பிலும், குளிர்ந்த ஓடை வந்து சேரும் இடத்திலும் போடுங்கள். ஆழம் என்றவுடன் ஏரியின் அடிமட்டத்துக்கே போய்விடவேண்டாம், பல ஏரிகளில் கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். ஒன்று சொல்லவேண்டும்: தண்ணீர் ரொம்பச் சூடான வாரங்களில் நான் பெரிய பைக்கைத் தேடிப் போவதே இல்லை. அந்தச் சூட்டில் போராடிக் களைத்த மீனை எவ்வளவு பக்குவமாகத் திருப்பி விட்டாலும் பிறகு செத்துப்போகக்கூடும்.

என்னைக் கேட்டால் இலையுதிர்காலம்தான் பைக்குக்கான காலம். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பெரியவை மறுபடி மேலே வந்து தின்னத் தொடங்கும். பழுப்பாகி அழுகும் பாசியை விட்டுவிட்டு, இன்னும் பச்சையாக நிற்கும் திட்டைத் தேடுங்கள். 20 சென்டிமீட்டர் நீளப் பெரிய இரையாகப் போட்டு, மே மாதத்தில் இழுத்ததைவிட மெதுவாக இழுங்கள்.

பனிக்காலத்தில் பழைய பாசிப்படுகைகளுக்கு மேலே பனிக்கட்டியில் துளை போட்டு, டிப்-அப்பில் (மீன் கடித்தால் கொடி எழும்பும் தூண்டில்) செத்த இரைமீனைத் தொங்கவிட்டுக் காத்திருக்கவேண்டியதுதான். ஒன்ராறியோவில் பனிக்கட்டி மீன்பிடிப்புக்குப் பொதுவாக ஒருவருக்கு இரண்டு தூண்டில் போடலாம், ஆனால் அவை உங்கள் கண்ணில் பட, 60 மீட்டருக்குள் இருக்கவேண்டும். நடந்து போகத் தெளிந்த பனிக்கட்டியே குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிப்பு வேண்டும். வெள்ளையாகத் தெரியும் பனிக்கட்டிக்கு அதில் பாதி பலம்தான், நம்பி ஏறாதீர்கள்.

பனி உருகியதும், தண்ணீர் இன்னும் 4 முதல் 11 டிகிரியில் இருக்கும்போதே, பைக் வெள்ளம் ஏறிய புல்வெளிகளில் வந்து முட்டையிடும். அதனால்தான் தெற்கு ஒன்ராறியோவின் பல மண்டலங்களில் அப்போது பைக் பிடிக்கத் தடை இருக்கிறது, வடக்கே பல மண்டலங்களில் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். உங்கள் மண்டலத்தின் தேதியையும் அளவு வரம்பையும் ஒவ்வொரு வருடமும் மாகாண விதிப்புத்தகத்தில் பாருங்கள். அனுமதி இருக்கும் இடத்திலும் சினையோடு வயிறு புடைத்த மீனைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அப்புறம், வெறும் நைலான் தங்கூசியைப் பைக்கின் பல் அறுத்துவிடும், கொக்கி அதன் தொண்டையிலேயே தங்கிவிடும். ஸ்டீல் லீடரும் (கொக்கிக்கு முன்னால் கட்டும் எஃகுக் கம்பி) நீண்ட மூக்குக் குறடும் இல்லாமல் போகாதீர்கள். பைக்கின் இனத்தைச் சேர்ந்த மஸ்கி மீனோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள், அதற்கு விதி வேறு. கரும்பச்சை உடம்பில் வெளிர் புள்ளிகள் இருந்தால் பைக், வெளிர் உடம்பில் கரும்பட்டைகள் இருந்தால் மஸ்கி. சந்தேகம் வந்தால் கீழ்த்தாடையின் அடியில் உள்ள நுண்துளைகளை எண்ணுங்கள்: ஒரு பக்கத்துக்கு ஐந்து அல்லது அதற்குக் குறைவென்றால் பைக், ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் மஸ்கி.

சமைக்க நடுத்தர அளவு மீனே நல்லது. முதுகுச் சதைக்குள் வரிசையாக ஒய் வடிவ முட்கள் ஓடும். அதை வெட்டி எடுக்கக் கை பழகும்வரை அவித்து, உதிர்த்து, முள் பொறுக்கிக் கட்லெட் போடுங்கள், சதை வெள்ளையாக, நல்ல ருசியாக இருக்கும்.