உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குப் புது இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். தகுதியானவர் யார் என்று எப்படிப் பார்ப்பது?

ஊரில் மரியாதை உள்ளவர், நிலபுலன் அதிகம் உள்ளவர் என்று பார்த்துப் போடுவதுதான் வழக்கம். அதை விட்டுவிட்டு, முதலில் யாரைப் போடக்கூடாது என்று கழித்துக்கொண்டு வாருங்கள்.

நிறுவனத்திடம் வாங்கிய கடனையோ முன்பணத்தையோ கட்டத் தவறியவர் இயக்குநராக நீடிக்க முடியாது. 2013 கம்பெனிகள் சட்டத்தில் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கான அத்தியாயம் அப்படித்தான் சொல்கிறது. பெயரை முன்மொழியும் முன்பே பாக்கிப் பேரேட்டைப் புரட்டுங்கள். வேறொரு கம்பெனியில் இயக்குநராக இருந்து, அது தொடர்ந்து 3 ஆண்டு கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால், 5 ஆண்டுக்கு அவரைப் புதிதாக எங்கும் நியமிக்க முடியாது. “மச்சான் கம்பெனி, கையெழுத்து மட்டும்தான் போட்டேன்” என்பவர்கள் மாட்டுவது இதில்தான். டின் எண் (இயக்குநர் அடையாள எண்) ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டு, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் அதன் நிலையைப் பாருங்கள்.

உரக்கடையோ கமிஷன் மண்டியோ வைத்திருப்பவர் விஷயத்தில் கறாராக இருங்கள். உங்கள் நிறுவனமும் அதே வியாபாரம் செய்தால், முரண்பட்ட தொழில் உள்ளவர் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. இவர்கள் குழுவுக்குள் வந்தால் கொள்முதல் விலை முதல் நாளே வெளியே போய்விடும்.

மிஞ்சியவர்களிடம் போன வருட ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) கொடுத்து, “உரம் எவ்வளவு இருப்பு நிற்கிறது, வெளியே எவ்வளவு வரவேண்டியிருக்கிறது?” என்று கேளுங்கள். உடனே சொல்லத் தெரியாவிட்டாலும், எந்த வரியில் தேடுகிறார் என்பதே போதும். தன் விளைச்சலை நிறுவனத்துக்குப் போடுகிறாரா என்பதையும் கொள்முதல் பதிவேட்டில் பாருங்கள். வெளியில் விற்றுவிட்டு இங்கே பதவி கேட்பவருக்கு என் ஓட்டு கிடையாது.

இயக்குநர்களின் எண்ணிக்கை 5 முதல் 15 வரை. எல்லாரும் ஒரே ஊர்க்காரர்களாக அமைந்தால் மற்ற ஊர்க் குழுக்கள் சரக்குப் போடுவதை நிறுத்திவிடும். வங்கி, சந்தை தெரிந்த ஆள் உறுப்பினர்களில் இல்லையென்றால் வல்லுநர் இயக்குநரைச் சேர்க்கலாம். மொத்த இயக்குநர்களில் வல்லுநர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது, தலைவர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டில்லை. தலைமைச் செயல் அலுவலர் உறுப்பினர் அல்லாதவராக இருக்க வேண்டும், அதற்காக அந்த வேலைக்கு இயக்குநரின் மகனைத் தேடாதீர்கள்.

தேர்வு முடிந்ததும் 30 நாளுக்குள், இயக்குநர் நியமனத்தைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவம் கம்பெனிப் பதிவாளருக்குப் போக வேண்டும். இப்படிப்பட்ட படிவங்களில் கையெழுத்திட உதவும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் (பென் டிரைவ் போன்ற கருவி) பாஸ்வேர்டையும் சேர்த்து ஆடிட்டர் அலுவலகத்தில் விட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. டோக்கன் அந்தந்த இயக்குநரின் கையிலேயே இருக்கட்டும்.