மலேரியா வரைபடத்தில் உள்ள எண்கள் எங்கிருந்து வருகின்றன?

கேள்வி: ஏழை நாடுகளில் எண்ணிப் பார்க்கவே ஆள் இல்லை என்கிறார்கள். அப்புறம் எந்த ஊரில் எவ்வளவு மலேரியா என்று வரைபடம் போடுவது எப்படி? நம்பலாமா?

ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அது எண்ணி வந்த எண் இல்லை, கணக்குப் போட்டு வந்த எண். காய்ச்சல்காரர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டால் எந்தப் பதிவேட்டிலும் வரமாட்டார். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் (ஸ்லைடு) எடுத்துப் பார்க்காத ஊரில் மலேரியாவே இல்லை என்றுதான் ஏடு சொல்லும். (சுகாதாரத் துறையில் களப்பணி பார்த்தவன் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன்.)

அதனால் வீடு வீடாகப் போய்ச் சிறுபிள்ளைகளின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நூற்றுக்கு எத்தனை பேரிடம் கிருமி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்த ஊர்கள் வரைபடத்தில் வெறும் புள்ளிகள். நடுவில் உள்ள இடத்தை மழை, வெப்பம், நில உயரம், கொசுவலைப் புழக்கம் இவற்றை வைத்துக் கணினி நிரப்புகிறது. 2005-இல் தொடங்கிய மலேரியா அட்லஸ் திட்டம் செய்வது இதுதான். 2023-இல் உலகில் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா, 5.97 லட்சம் சாவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் மதிப்பீடுதான்.

நிரப்பும்போது எங்கே சறுக்கும் என்பதற்கு எங்கள் பட்டுக்கோட்டையைப் பாருங்கள். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின், புது ஆற்றில் (கல்லணைக் கால்வாய்) இந்தப் பக்கம் புதிதாகப் பாசனம் வந்தது. கூடவே மலேரியாவும் வந்தது. காலங்காலமாக நெல் விளையும் பழைய டெல்டாவிலோ அந்த அளவுக்கு இல்லை. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸலும் நம்மவர் ராமச்சந்திர ராவும் இதை இங்கேயே ஆராய்ந்தார்கள். கரைக்கு மண் வெட்டிய குழி, கால்வாய்க் கசிவு, அப்போதுதான் நட்ட வயல், இவைதான் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் கொசுவுக்குப் பிடித்த இடங்கள். தண்ணீர் மேல் தாழப் பறந்தபடியே முட்டையிடும் கொசு அது. பயிர் ஓரடி உயர்ந்தால் தாள் இடிக்கும், வயலை விட்டுப் போய்விடும். செயற்கைக்கோளில் பார்த்தால் புதுப் பாசனப் பக்கத்து ஒரத்தநாடும் பழைய டெல்டாவின் கும்பகோணமும் ஒரே பச்சை. கசியும் வாய்க்கால் எது, கட்டுக்கோப்பான வாய்க்கால் எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இந்தியக் கணக்கிலும் இதே சண்டை உண்டு. இங்கே மலேரியாவால் ஆண்டுக்கு 15,000 சாவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தபோது, 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு 70 வயதுக்குள் மட்டுமே 2,05,000 என்றது. இறந்தவர் வீட்டாரிடம் அறிகுறி கேட்டு முடிவு செய்த ஆய்வு அது. வேறு காய்ச்சல்களும் அதில் கலந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக 15,000-ஐயும் நான் நம்பவில்லை.

மலேரியா எப்போது கூடும் என்ற முன்கணிப்பு எடுபடுவது மழையை நம்பியே கொசு பெருகும் வறண்ட இடங்களில். ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் பருவ மழை முன்னறிவிப்பை வைத்தே சில மாதம் முன்னால் எச்சரிக்கலாம் என்று 2006-இல் காட்டினார்கள். மழையே இல்லாவிட்டாலும் அணை திறந்தால் தண்ணீர் வரும் நம் ஊர் மாதிரி இடத்தில் மழையை மட்டும் பார்த்துப் பயனில்லை.

நம்பலாமா என்றால், நாட்டு அளவில் ஓரளவு நம்பலாம். ஒரு தாலுகாவுக்கு மருந்தும் வலையும் பிரிக்க அதையே பிடித்துக்கொண்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல வரைபடத்தோடு நிச்சயமின்மையைக் காட்டும் இன்னொரு வரைபடமும் இருக்கும், முதலில் அதைத் திறந்து பாருங்கள்.