கணவரும் ரத்தம் கொடுக்க வேண்டுமா? வாசகர் கேள்விகள்

நான் 11 வாரக் கர்ப்பிணி. நான் சிக்கிள் செல் கேரியர் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை நோயின் மரபணுவைச் சுமப்பவர்) என்று முடிவு வந்திருக்கிறது. கணவரையும் அழைத்து வரச் சொல்கிறார்கள். "ஸ்கேன்தான் நன்றாக இருக்கிறதே, தேயிலை மூட்டை சுமக்கிறவனுக்கு என்ன நோய்?" என்கிறார் மாமியார். (கூடலூர்)

இந்த வாரமே அழைத்துப் போங்கள். ஸ்கேனில் கை, கால், இதயம் தெரியும். ஹீமோகுளோபின் எந்த வகை என்பது தெரியாது. பெற்றோர் இருவருமே கேரியர் என்றால் குழந்தைக்கு நோய் வரலாம். ஆனால் கேரியர் நோயாளி அல்ல. மூட்டை சுமப்பார், மலை ஏறுவார், தெரியாமலே முதுமை வரை வாழ்ந்துவிடுவார். உடம்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாமியாராலும் முடியாது, என்னாலும் முடியாது.

கணவருக்கு எச்.பி.எல்.சி. பரிசோதனை (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கேளுங்கள். கரைசலில் ரத்தத்தைக் கலந்து பார்க்கும் விரைவுச் சோதனை மட்டும் போதாது. அது தலசீமியா (ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்த நோய்) கேரியரைக் காட்டாது. உங்களிடம் சிக்கிள் செல், அவரிடம் பீட்டா தலசீமியா என்றாலும் குழந்தைக்கு நோய் வரலாம். அவருக்கு ஒன்றுமில்லை என்றால் கவலையை விடுங்கள். இருந்தால், 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு, அல்லது 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்து மரபணுவைப் பார்க்கலாம். கரு கலையும் அபாயம் நூற்றில் ஒன்றோ அதற்கும் குறைவோதான். ஆனால் முதலில் பெற்றோர் இருவரின் மரபணு மாற்றமும் தெரிய வேண்டும். அதற்கே நாட்கள் ஓடிவிடும்.

சிக்கிள் செல் பழங்குடியினர் நோய்தானே? எங்களுக்கு எதற்கு? (கோத்தகிரி)

இந்தியாவில் இது முதலில் பதிவானது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடியினரிடம். அன்று குத்திய முத்திரை இன்னும் அழியவில்லை. தலசீமியா எல்லாச் சமூகத்திலும் உண்டு. மாமன் மகளையோ அத்தை மகனையோ மணந்தவர்கள் கட்டாயம் பாருங்கள்.

நாங்கள் இருவரும் கேரியர் என்பதால் நான்கில் ஒரு குழந்தைக்கு நோய் வரும் என்றார்கள். மூத்தவனுக்கு வந்துவிட்டது. இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை அல்லவா? (பந்தலூர்)

இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25 சதவீதம்தான்.

மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. (குன்னூர்)

ரத்த அறிக்கையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) என்ற வரியைப் பாருங்கள். 80க்குக் கீழே இருந்தால் தலசீமியா கேரியராகவும் இருக்கலாம், ஃபெரிட்டினும் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் சோதனை) எச்.பி.எல்.சி.யும் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கருவைக் கலைக்கச் சொல்லத்தானே இந்தக் கரு மரபணுப் பரிசோதனை? (கூடலூர்)

சட்டம் அனுமதிக்கிறது, வற்புறுத்தவில்லை. முடிவு உங்களுடையது; அதில் மருத்துவர் அதட்டினால் வேறு மருத்துவரைப் பாருங்கள். (ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்வது குற்றம்.) பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்தாலும் தெரிந்திருப்பது பெரிய லாபம். சிக்கிள் செல் குழந்தைக்கு கிருமித் தொற்றைத் தடுக்க இரண்டு மாதத்திலேயே பென்சிலின் தொடங்கலாம். நம் ஊர்க் குளிர் வலியைக் கிளப்பும் என்பதால் கம்பளி உடை தயாராக இருக்கும். முக்கியமாக, குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே விரல் நுனியால் தடவி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். திடீரென்று வீங்கி, முகம் வெளுத்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.