22 லட்சம் கொடுத்தும் ஓட்டுக்கு மதிப்பில்லையா?

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் பால் பதப்படுத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி, மொத்தம் 10,000 பங்குகள். மூவரிடம் தலா 2,600. விலகும் நான்காமவர் தன் 2,200 பங்குகளை 22 லட்சத்துக்கு எனக்குத் தருகிறார். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறதே, என் பேச்சு எடுபடும்தானே?

பதில்: எடுபடாது. இப்படியே வாங்காதீர்கள்.

கூட்டுறவு சங்கத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு. கம்பெனியில் பங்குக்கு ஒரு ஓட்டு. சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வேண்டும். அவர்களில் எந்த இருவர் சேர்ந்தாலும் 5,200, நிறைவேறிவிடும். நீங்கள் ஒருவருடன் சேர்ந்தால் 4,800தான். கம்பெனி விதிகளை மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்கான சிறப்புத் தீர்மானத்துக்கு ஆதரவு, எதிர்ப்பைவிட மூன்று மடங்காவது இருக்க வேண்டும். மூவரின் 7,800, உங்கள் 2,200இன் மும்மடங்கான 6,600ஐத் தாண்டுகிறது. நீங்கள் இருவரோடு சேர்ந்தாலோ 7,400. எதிரே 2,600 இருப்பதால் 7,800 தேவை. ஆக, எந்தச் சேர்க்கையிலும் உங்கள் ஓட்டு முடிவை மாற்றாது.

அமெரிக்காவின் நாசாவ் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) நிர்வாக வாரியத்திலும் அன்று இதே கதைதான். 115 ஓட்டில் 58 வேண்டியிருந்தது. 31, 31, 28 வைத்திருந்தவர்களில் எந்த இருவரும் போதும் என்பதால் 21 ஓட்டு இருந்தும் பயனில்லை. இதை ஜான் பன்சாஃப் என்ற வழக்கறிஞர் 1965இல் எண்ணிக் காட்டினார்.

டிவிடெண்ட் (லாபப் பங்கு) அறிவித்தால் 22 சதவீதம் உங்களுக்கு வரும். ஆனால் அறிவிக்காமல், லாபத்தை இயக்குநர் சம்பளமாக எடுத்துக்கொண்டால்? பங்குதாரர் கூட்டத்தில் உங்களால் தடுக்க முடியாது. கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போக 10 சதவீதப் பங்கு போதும் என்றாலும், அது நீண்ட வழக்கு.

அவர்களிடம் 100, 100, 101 என 301 பங்குகள் கேளுங்கள். இதே விலையில் 3.01 லட்சம். 2,501 ஆனதும் மூவரும் சேர்ந்தாலும் 7,499; தேவை 7,503. சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்கும் சக்தி உங்கள் கையில். அவர்களில் எந்த இருவருக்கும் பாதிக்கு மேல் கிடையாது. ஒரு பங்கு குறைந்து 2,500 ஆனால் 7,500 சரியாக மும்மடங்கு. தடுக்கும் சக்தி போய்விடும்.

தர மறுத்தால், கடன் வாங்குவது, இயக்குநர் சம்பளம், புதிய பங்கு ஆகியவற்றுக்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்று, பணம் கொடுக்கும் முன்பே, இப்போதைய பங்குதாரர்கள் எல்லாரும் ஒப்பி, கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸில் (உள்விதிகளில்) சேர்த்துக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யட்டும். முத்திரைத்தாளில் தனியாக எழுதும் உடன்படிக்கையை மட்டும் நம்பாதீர்கள்.

புதிய பங்கு விடும்போது உங்கள் விகிதத்துக்கு வாங்கக் கையில் பணம் வைத்திருங்கள். வாங்காமல் விட்டால், 2,501 பங்கு வைத்திருந்தாலும் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுவீர்கள்.