ஸ்கைவிங் மெசினுக்கு எந்த ஃபுட் வாங்குவது? கூட வந்த ஃபுட்டை ராவி மாற்றலாமா?

தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் 801 வகை ஸ்கைவிங் மெசின் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். கூட வந்த அகல ஃபுட்டில் (தோலை மேலிருந்து அழுத்தும் உலோகப் பாதம்) ஆட்டுத்தோல் லைனிங் சுருங்குகிறது, பையின் வளைந்த மூலைகளில் தோல் கடிபடுகிறது. வேறு ஃபுட் வாங்குவதா, இருப்பதையே அரத்தால் ராவி மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிளிநொச்சியில் சிறிய தோல் பட்டறை வைத்திருக்கிறேன். பாடசாலைப் பை, இடுப்புப் பட்டி, செருப்பு, அதோடு செயற்கைக் கால்களுக்கான வார் வேலையும் செய்கிறேன். என் பதில்: ராவி மாற்றலாம், கட்டாயம் மாற்றுங்கள். ஆனால் கூட வந்த ஃபுட்டில் அரத்தை வைக்காதீர்கள். அதைத் துடைத்து எண்ணெய் பூசி எடுத்து வைத்துவிட்டு, மலிவான இன்னொன்றை வாங்கி அதில் கை வையுங்கள்.

இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். முதல் வருடம் என்னிடம் இருந்த ஒரே ஃபுட்டைச் சாணைச் சக்கரத்தில் பிடித்தேன். ஒரு பக்கம் அளவுக்கு மீறித் தேய்ந்துவிட்டது. கொழும்பில் ஒரு கடைக்குத் தொலைபேசியில் சொல்லி வேறு ஒன்று எடுப்பித்தேன். பஸ்ஸில் வந்து சேர்ந்ததைப் பொருத்திப் பார்த்தால் ஆணித் துளை பொருந்தவில்லை. இரண்டு கிழமை வேலை நின்றது. 801 என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் எல்லா ஃபுட்டும் எல்லா மெசினுக்கும் சேராது. பார்ச்சூனா என்ற ஜேர்மன் மெசினின் வடிவத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவைதான் இவை. செய்தவர் மாற மாற பிடியின் தடிப்பும் துளையின் இடமும் கொஞ்சம் மாறுகின்றன. பழைய ஃபுட்டைக் கையில் கொண்டுபோய் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்து வாங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் துளையின் விட்டத்தையும், துளையில் இருந்து ஃபுட்டின் அடி வரையான உயரத்தையும் அளந்து அனுப்புங்கள்.

ஃபுட்டுக்கு மெசினில் என்ன வேலை என்பது மனதில் இருந்தால் மற்றது எல்லாம் தானாக விளங்கும். மணி வடிவக் கத்தி சுழல்கிறது. அதற்கு உட்பக்கம் இருக்கும் கல் உருளை தோலை உள்ளே இழுக்கிறது. தோலின் மேல்முகம் ஃபுட்டில் உரசிக்கொண்டு போகிறது, கத்தி அடிமுகத்தைச் சீவுகிறது. ஆகவே தோல் எவ்வளவு தடிப்பில் மிஞ்ச வேண்டும் என்பதை முடிவு செய்வது ஃபுட்டுக்கும் கத்திக்கும் இடையில் உள்ள இடைவெளி. ஃபுட்டைச் சரித்தால் ஓரம் மெலிந்து சரிவாக வரும், மட்டமாக வைத்தால் படி போல வரும். கத்தி கூராக இருந்தாலும் ஃபுட் பிழையென்றால் சீவல் பிழைதான்.

இன்னொன்று, கத்தி வட்டமானது. என் மெசினில் அதன் விட்டம் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர். அந்த வட்டத்தில் 50 மில்லிமீற்றர் அகலத்தை எடுத்தால் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் ஏற்ற இறக்கம் வரும். 20 மில்லிமீற்றர் அகலத்தில் அது ஒரு மில்லிமீற்றர் கூட இல்லை. அகல ஃபுட்டின் அடி குழிந்திருப்பது இதனால்தான். அந்தக் குழிவு கத்தியோடு ஒத்துப்போகாவிட்டால் ஒரு இடம் மெலியும், பக்கத்து இடம் தடிக்கும். அகல ஃபுட்டைக் கையால் ராவிச் சரிப்படுத்துவது பெரிய வேலை. ஒடுங்கியதில் பிழை விட்டாலும் திருத்தலாம். முதலில் கை வைப்பதற்கு 20 மில்லிமீற்றருக்கு மேற்படாததை எடுங்கள்.

உங்கள் லைனிங் சுருங்குவதற்கு ஃபுட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். கத்தியைத் தீட்டிப் பிசிறை எடுங்கள், உருளையில் அடைந்திருக்கும் தோல் தூளைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் சுருங்கினால், ஃபுட்டின் அடி தோலைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். ஆட்டுத்தோல் மெல்லியது, இழுபடும். கீழே உருளை தள்ள மேலே ஃபுட் மறித்தால் அது நடுவில் மடியாமல் என்ன செய்யும்?

இதற்குப் பலர் உடனே உருளை வைத்த ஃபுட் வாங்கச் சொல்வார்கள். ஒட்டும் தன்மையுள்ள தோல், ரெக்சின், இறப்பர் போன்றவற்றுக்கு அது நல்ல சாமான்தான். ஆனால் ஒடுங்கிய, துல்லியமான சீவலுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதை வாங்க முன்னர் ஃபுட்டின் அடியை மினுக்கிப் பாருங்கள். 400, 800, 1200 என்று ஈரத்தில் தேய்க்கும் எமரித்தாள்கள் மூன்றாலும் தோல் ஓடும் திசையிலேயே தேய்த்து, கடைசியில் பித்தளை மினுக்கும் பசையைத் துணியில் தொட்டு மினுக்குங்கள். அடியில் உங்கள் முகம் தெரிய வேண்டும். தோல் நுழையும் முன்விளிம்பையும் கூர் இல்லாமல் மழுக்கிவிடுங்கள். புதிய ஃபுட்களில் இந்த விளிம்பு பெரும்பாலும் வெட்டியபடியே கரடாக இருக்கும். என்னிடம் லைனிங் சுருங்கியது இந்த ஒரு வேலையோடு நின்றுவிட்டது.

அப்படியும் சரிவராவிட்டால் பசையுள்ள டெஃப்ளான் தாளை அடியில் ஒட்டலாம். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடா இதற்கு உதவாது. அதில் பசை இல்லை, உடனே கிழிந்துபோகும். தாள் ஒட்டியதும் ஃபுட்டின் தடிப்பு கூடுகிறது என்பதை மறக்காதீர்கள், உயரத் திருகைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.

வளைந்த மூலைக்கு ஒடுங்கிய ஃபுட் தவிர வேறு வழி இல்லை. உள்வளைவில் அகல ஃபுட் தோலை நீள இடத்தில் பிடித்துக்கொள்வதால் கையால் திருப்ப முடியாமல் கடிபடுகிறது. ஃபுட்டின் அகலத்தை உங்கள் பையில் உள்ள மிகச் சிறிய வளைவைப் பார்த்துத் தீர்மானியுங்கள். நான் மூலைகளுக்கு 10 மில்லிமீற்றர் பாவிக்கிறேன். நேரான நீள ஓரத்துக்கு மட்டும் அகலமானது. மட்டமாகச் சீவும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது: ஃபுட்டின் அகலத்தைவிட அகலமாகச் சீவ முடியாது. இரண்டு துண்டை 12 மில்லிமீற்றர் ஏற்றி ஒட்டப் போகிறீர்கள் என்றால் 12 மில்லிமீற்றருக்குக் குறையாத ஃபுட் வேண்டும். நடுவில் மடிப்புக்காகக் கால்வாய் எடுக்கும்போதும் அகலம் ஃபுட்டைப் பொறுத்ததுதான். 5, 6 மில்லிமீற்றர் ஒடுங்கிய ஃபுட் எந்த இடத்தை அழுத்துகிறதோ அந்த இடத்தை மட்டும் கத்தி எடுக்கும்.

இனி ராவுவது. எங்கள் பக்கத்து லேத் பட்டறையில் அதிகம் உழவு இயந்திர வேலைதான் நடக்கும். அங்கே ஒரு முதிரைக் கட்டையைக் கத்தியின் விட்டத்துக்கே கடைந்து எடுத்தேன். முதிரை எங்கள் வன்னிப் பகுதியில் வளரும் இறுகிய மரம், வெயிலுக்கும் மாரிக்கும் அதிகம் மாறாது. அந்தக் கட்டையில் எமரித்தாளைச் சுற்றி, ஃபுட்டின் அடியை மார்க்கர் மையால் கறுப்பாக்கி, அதன் மேல் தேய்ப்பேன். மை அழிந்த இடம் தொடுகிறது, அழியாத இடம் தொடவில்லை. முழுக்க அழியும் வரை தேய்க்க வேண்டும். தாளின் தடிப்பால் குழிவு கத்தியைவிட ஒரு மயிர் பெரிதாக வரும். அது நல்லதே, இடையில் தோலும் போக வேண்டுமல்லவா. அரம் வழுக்கினால் ஃபுட் இறுக்கப்பட்ட உருக்கு என்று அர்த்தம். அப்போதுதான் சாணைச் சக்கரம், அதுவும் தொட்டுத் தொட்டு எடுத்துத் தண்ணீரில் தோய்த்தபடி. நீலம் பாரிக்க விட்டால் அந்த இடம் இளகிப்போகும், பிறகு விரைவில் தேயும்.

நான் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் முக்கியமானது ஒன்று உண்டு. முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒரு ஐயா, 2009இல் நடந்தது, செயற்கைக் காலோடு வயலுக்குப் போய்வருபவர், தொடையைச் சுற்றிக் கட்டும் வாரைக் கொண்டுவந்தார். "தம்பி, கால் பிரச்சினை இல்லை, இந்த வார்தான் கடிக்குது" என்றார். வாரைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். மேல் தோலும் லைனிங்கும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு படி. கண்ணுக்குத் தெரியாத அளவு. வெயிலில் வேர்த்து, நாள் முழுக்க நடந்தால் அந்தப் படி உடம்புத் தோலை அறுத்துவிடும், அவருக்கு அறுத்திருந்தது. அந்த வாரைத் தைத்தது நான்தான். மட்டமாகச் சீவும் ஃபுட்டின் உட்பக்க ஓரம், அதாவது சீவல் முடிந்து முழுத் தடிப்பு தொடங்கும் பக்கம், நேர் செங்குத்தாக இருந்ததால் அது தோலிலும் நேர் படியை விட்டிருக்கிறது.

அன்று இரவே இன்னொரு ஃபுட்டை எடுத்து அந்த உட்பக்க ஓரத்தில் 4 மில்லிமீற்றர் தூரத்துக்கு அடியை மெல்ல மேலே சரித்து ராவினேன். இப்போது சீவல் படியாக நிற்காமல் வழுக்கிக்கொண்டு முழுத் தடிப்போடு சேர்கிறது. புது வார் கட்டிக்கொண்டு போனவர் ஒரு மாதத்துக்குப் பிறகு வந்து காட்டினார், புண் ஆறியிருந்தது. அதன் பிறகு உடம்பில் படும் எந்த வேலைக்கும் வேறு ஃபுட் போடுவதில்லை. உங்கள் பைகளுக்கும் இது உதவும். நேர் படி இருந்தால் மடிக்க மடிக்க அந்தக் கோட்டில்தான் தோல் முதலில் வெடிக்கும்.

மாற்றிய ஃபுட்டைப் பொருத்தும்போது மின்சாரப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். உயரத் திருகை முழுக்க மேலே ஏற்றிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். மெசினின் சக்கரத்தைக் கையால் திருப்பிக் கத்தியைச் சுழல விட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். எங்காவது உலோகச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள், ஒரு முறை தொட்டாலே கத்தி விளிம்பில் பல் விழும். சரிவை மாற்றினாலும் இதே சோதனை. தீட்டத் தீட்டக் கத்தி நீளம் குறைந்து, அதை முன்னே தள்ள வேண்டிவரும். அப்போதும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

அப்புறம், மாரி தொடங்கினால் எங்கள் பக்கம் இரும்பு எல்லாம் ஒரு இரவில் துருப்பிடிக்கும். மினுக்கிய ஃபுட்டில் ஊசிமுனை அளவு துரு இருந்தாலும் தோலின் முகத்தில் கோடு இழுக்கும். வேலை முடிந்ததும் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசி வைப்பேன். காலையில் அதைத் துப்புரவாகத் துடைத்து, கழிவுத் தோலில் நாலைந்து தடவை ஓட்டிய பிறகுதான் நல்ல தோலை வைப்பேன். சாயம் போடாத தோலில் எண்ணெய்க் கறை பட்டால் போகாது.

நீங்கள் இப்போதைக்கு வாங்க வேண்டியது 10 மில்லிமீற்றர் ஒன்றும் 20 மில்லிமீற்றர் ஒன்றும், அவ்வளவுதான். இரண்டின் அடியையும் மினுக்கி, 20இன் உட்பக்க ஓரத்தைச் சரித்து ராவுங்கள். அதே லைனிங் தோலின் துண்டொன்றைச் சீவிக் கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். விரல் எங்காவது தடக்கினால் மறுபடி மார்க்கரும் எமரித்தாளும்தான்.